சந்திரனில் ஏறிய மனிதன்

தென்கிழக்கு மெல்பேர்ன் முத்தமிழ் மேம்பாட்டு மகா சங்கத்தில் 'இறங்கு' என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. சங்கத்தின் சட்டதிட்டங்களைச் சொல்லும் யாப்பிலேயே அப்படி எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது என்றால், அந்தச் சொல்லை எழுதாமல், 'அச்சொல்' என்று எழுதியிருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைவர் கணேசலிங்கம் தன் பதினெட்டாவது ஏற்புரையை ஆற்றிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து அந்தச் சொல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை, ஒரு இருமல் மாதிரி வந்தது. தலைவர் பேச்சை நிறுத்தினார், தண்ணீர் குடித்தார், அந்த இடத்திலேயே ஒரு விசாரணைக் குழுவை நியமித்தார். அன்று பின்வரிசையில் இருந்தவர் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஜெயரட்ணம் ஒருவர்தான் என்று குழு கண்டுபிடித்தது. அவர் தனக்கு வந்தது உண்மையான இருமல்தான் என்று டொக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டார். ஆளைத் தண்டிக்க வழியில்லாமல் போனதால் சொல்லைத் தண்டித்தார்கள்.

அன்றிலிருந்து சங்கத்தின் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வந்த காய்ச்சல் 'விலகியது'. விழா மலருக்கு வழக்கமாக விளம்பரம் தருகிற இறக்குமதி வியாபாரியின் தொழில் 'உட்கொள்ளல்' என்று அச்சாகி, யாரோ அவரிடம் வயிற்றுக் கோளாறுக்கு மருந்து கேட்டுப் போனார்கள். சிட்னிக் கிளையோடு கூட்டு விழாவென்று டூங்கபிக்கு பஸ் பிடித்துப் போனபோது, மண்டப வாசலில் பஸ் நின்று கதவும் திறந்தது. ஒருவரும் அசையவில்லை. அறிவிக்க வேண்டியவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு வேர்த்துப்போய் நின்றார். கடைசியில், "அன்பர்களே, இனிமேல் பஸ்ஸுக்குள் இருப்பது கட்டாயமில்லை" என்று ஒரு வசனம் அவருக்குக் கைகொடுத்தது. அதற்குள் சிட்னிக்காரர் சோற்றை முடித்துவிட்டிருந்தார்கள்.

இவையெல்லாம் தாட்சாயினிக்குத் தெரியும். ஆனால் அவளுக்குச் சங்கத்தில் பேசுகிற வேலை இல்லை. அவளுக்கு றோல்ஸ் பொரிக்கிற வேலை. அவள் புருஷன் கேதீஸ்வரனுக்குக் கதிரை அடுக்குகிற வேலை. இரண்டு பேரும் படகில் வந்தவர்கள். வந்த புதிதில் சங்கம் அவர்களுக்கு ஒரு மெத்தை கொடுத்தது. மெத்தையைக் கொடுக்கும் படம் அந்த வருட மலரில் வந்தது. அதற்கடுத்த வருடமும் வந்தது. மெத்தை பழுதாகி எறிந்த பிறகும் படம் வந்துகொண்டே இருந்தது. கேதீஸ்வரனும் சங்கத்துக்குப் போய்க்கொண்டே இருந்தான். வார நாட்களில் ட்ருகனினாவில் கிடங்குகளுக்குச் சாரம் கட்டுவான். விழா நாட்களில் நகரத்தைத் தாண்டி ஸ்பிரிங்வேலுக்கு வந்து கதிரை அடுக்குவான்.

இந்த வருடம் வெள்ளிவிழா. சங்கத்தின் வளர்ச்சியைச் சந்திரப் பயணத்தோடு ஒப்பிட்டுத் தலைவர் ஒரு பேச்சு எழுதி வைத்திருந்தார். பேச்சுக்கு முன்னால் அதே விஷயத்தில் ஒரு நாடகம் இருந்தால் பேச்சு எடுபடும் என்பது அவருடைய எண்ணம். 'சந்திரனில் இறங்கிய மனிதன்' என்று நாடகத்துக்குப் பெயர் வைக்க முடியாதல்லவா. செயற்குழு கூடியது. தாட்சாயினி தேத்தண்ணித் தட்டோடு நின்றாள்.

"இதிலை ஒரு பிரச்சினையும் இல்லை," என்றார் தமிழ் வளர்ச்சிப் பொறுப்பாளர் சுஜீவா அன்ரி. "நிலா மேலை தானே இருக்கு. மேலை இருக்கிற இடத்துக்கு ஆரும் ஏறத்தான் வேணும். மற்றதைச் செய்ய ஏலாது. 'சந்திரனில் ஏறிய மனிதன்' எண்டு வைப்பம். அதுதான் இலக்கணம்."

எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்து, எப்படி ஏறுவது என்ற கேள்வி வந்தது. செயலாளர் பிரஷாந்தன் கணினிப் பொறியியலாளர். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கினார்.

"அமெரிக்கரும் உடனே ஒரு முடிவுக்கு வரேல்லை. முதலிலை நேரடியாப் போறது எண்டுதான் நினைச்சவை. பெரிய ரொக்கெட் ஒண்டு. முழுசாப் போய், முழுசா..." அவர் ஒருமுறை விழுங்கினார். "முழுசாக் குந்தி, முழுசாத் திரும்பி வாறது."

"அது செய்வம்," என்றார் தலைவர்.

"மண்டபத்துக் கதவாலை வராது, ஐயா."

"அடுத்தது?"

"துண்டு துண்டா மேலை அனுப்பி, பூமியைச் சுத்திக்கொண்டு இருக்கேக்கை பொருத்திறது. நாங்கள் ஒரு பாதி, சிட்னிக் கிளை ஒரு பாதி கொண்டு வரலாம்."

அங்கேயே சிட்னிக்கு ஃபோன் போட்டார்கள். சிட்னிக் கிளை சந்தோஷமாக ஒத்துக்கொண்டது, மேல் பாதியைத் தாங்கள் செய்வதாக. மெல்பேர்னும் மேல் பாதியைத்தான் செய்வதாக இருந்தது. அடிப்பாதியைச் செய்ய இரண்டு நகரத்திலும் ஒரு தமிழன் இல்லை. இரண்டு மூக்கோடு ரொக்கெட் பறக்காது என்று பிரஷாந்தன் சொன்னதை ஒரு மணித்தியாலம் விவாதித்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள்.

"மூண்டாவது, அவை கடைசியாச் செய்த முறை. தாய்க்கலம் மேலை சுத்திக்கொண்டு இருக்கும். சின்னக் கலம் மட்டும் நிலாவுக்குப் போய் வரும்."

"தாய்க்கலத்திலை இருக்கிறவர் எப்ப நிலாவுக்குப் போவார்?"

"அவர் போகவே மாட்டார், ஐயா. மற்றவை போட்டு வருவினம். அவர் இருந்த இடத்திலை இருந்து சுத்திக்கொண்டே இருப்பார்."

தலைவரின் முகம் மலர்ந்தது. "அந்தப் பாத்திரத்தை நான் செய்யிறன். எனக்குப் பொருந்தும். கதிரையை மேடை நடுவிலை போடுங்கோ, நிலாவுக்கு நேர் கீழை. படம் எடுக்கேக்கை தலைக்குப் பின்னாலை வட்டமா விழோணும்."

"அப்ப நிலாவிலை நிக்கிறவர்?" என்று ஒருவர் கேட்டார்.

பிரஷாந்தன் மடிக்கணினியைக் கொஞ்சம் சரித்துப் பார்த்தார். "நாலாவதா ஒரு திட்டமும் இருந்திருக்கு. அறுபதுகளிலை ரெண்டு பொறியியலாளர் உண்மையாவே எழுதிக் குடுத்தவை. ஒரு ஆளை மட்டும் அனுப்பிறது. திருப்பிக் கூட்டிவாற வழியைப் பிறகு பாப்பம் எண்டு. அதுவரைக்கும் காத்து, தண்ணி, சாப்பாடு எல்லாம் பின்னாலை அனுப்பிக்கொண்டு இருக்கிறது."

"ஏன் செய்யேல்லை?"

"மேலிடம் ஒத்துக்கொள்ளேல்லை."

"துணிவில்லை," என்றார் தலைவர். "எங்களுக்கு இருக்கு. மேடைக் கூரையிலை மோட்டர் இருக்குத்தானே, ஆளைத் தூக்கிற மோட்டர். அதாலை தூக்கிப் பலகையிலை விடுவம். மற்றதுக்கு ஒரு உபகுழு போடுவம். சரி, இப்பிடி ஒருவழிப் பயணத்துக்கு ஆர் வருவினம்?"

டொக்டர்மார், கணக்காளர்மார், வீட்டு முகவர்மார் எல்லாரும் தங்கள் முழங்கால்களைப் பார்த்தார்கள். பிறகு எல்லாருடைய கண்ணும் சுவரோரம் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவன் பக்கம் போனது.

"கேதீஸ் தம்பி இருக்கிறார்தானே," என்றார் தலைவர். "உயரத்திலை வேலை செய்யிறவர். ஒருவழியிலை போயும் பழக்கம். என்ன தம்பி, படகிலை ஏறேக்கை திரும்பி வாறதுக்கும் சேத்தோ ரிக்கற் எடுத்தனீர்?"

சபை சிரித்தது. நல்ல பகிடி என்று டொக்டர் ஒருவர் தொடையில் தட்டினார். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, பிந்தி, கேதீஸ்வரனும் சிரித்தான். அவர்கள் சிரித்ததைத் தாட்சாயினி பொறுத்துக்கொண்டாள். அவன் சிரித்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

உபகுழுவுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. ஏற்றுவதற்கு 'ஏற்றக் குழு' என்று உடனே முடிந்துவிட்டது. மற்றதுக்கு 'இறக்கக் குழு' என்று யாரோ வாய்தவறிச் சொல்லப்போக, சுஜீவா அன்ரி கையைத் தூக்கினார். "அச்சொல்லின்ரை பிறவினையும் விலக்குத்தான். அதோடை 'இறக்க' எண்டால் சாகவெண்டும் பொருள் வரும். சாவுக்குழு எண்டு சனம் நினைக்கும். வெள்ளிவிழாவிலை அபசகுனம்." பெயரில்லாத குழுவுக்கு ஆட்களை நியமிக்க முடியாது என்று யாப்பு சொன்னது. விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் விழாவுக்குப் பிறகு.

காரில் வீட்டுக்குப் போகும்போது தாட்சாயினி கேட்டாள். "ஏன் ஓமெண்டனீங்கள்?"

"மெத்தை தந்தவையெல்லோ."

"அந்த மெத்தையை எறிஞ்சு எவ்வளவு காலம்."

"விடு, தாட்சு. ரெண்டு நிமிசம் மேலை நிக்கிறது. உடனே சாப்பாடு எண்டு நிகழ்ச்சி நிரலிலை போட்டிருக்கு."

சாப்பாட்டைப் பற்றி அவன் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவனுக்குச் சீனி வருத்தம். சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் ஊசி போட வேண்டும், போட்டால் உடனே சாப்பிட வேண்டும். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி விழுந்துவிடும். ஒருமுறை அப்படி விழுந்து சாரத்துக் கீழே மயங்கிக் கிடந்தவனை அம்புலன்ஸ் கொண்டுபோனது. இனி ஒருமுறை விட்டால் எழும்பமாட்டாய் என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பினார்.

விழாவன்று நாடகம் திறமாகத்தான் நடந்தது. வெள்ளித்தாள் சுற்றிய உடையில், இடுப்பிலும் தோளிலும் பட்டி கட்டி, கேதீஸ்வரன் மேலே போனான். ஒட்டுப்பலகை நிலாவுக்கு முன்னால் ஒரு கால் அகலப் பலகையில் நின்று கொடியை ஆட்டினான். சங்கக் கொடி. கைதட்டல் எழும்பியது. பிரதம விருந்தினர் நேரத்தோடு போகவேண்டும் என்று சொன்னதால், பேச்சுகளை நாடகத்தின் நடுவிலேயே வைத்துவிடுவது என்று தலைவர் திரைக்குப் பின்னால் தீர்மானித்தார். கதிரை வரிசை மேடைக்கு வந்தது. நடுக்கதிரையில், நிலாவுக்கு நேர் கீழே, தாய்க்கலம் அமர்ந்தது.

குசினியில் றோல்ஸ் பொரிந்துகொண்டிருந்தது. தட்டு எடுக்க வெளியே போன ஜெஸீமா திரும்பி வந்தாள். அவள் தாட்சாயினியோடு ஒரே கிடங்கில் பெட்டி கட்டுகிறவள், துணைக்கு வந்தவள்.

"புள்ள, உங்கட மாப்பிள்ள இன்னம் மேலதான் ஈக்கார்."

"இன்னுமோ?"

"ஓம். அவர் ஊசி அடிச்சிட்டாரா?"

தாட்சாயினி அகப்பையை வைத்துவிட்டு ஓடினாள்.

மோட்டர் பொத்தானுக்குப் பக்கத்தில் மண்டபத்து ஊழியர் நின்றார். வியட்நாம்காரர், பெயர் மின். மின்சாரத்தைப் பார்ப்பவருக்குப் பெயரே மின் என்று காலையில் சுஜீவா அன்ரி புல்லரித்துப் போயிருந்தார். தாட்சாயினி கையால் மேலே காட்டினாள், கீழே காட்டினாள். மின்னுக்கு உடனே விளங்கியது. அவர் தலைவரின் கதிரையைக் காட்டினார். தூக்கிய ஆளுக்குக் கீழே ஒருவர் இருந்தால் மோட்டரை அசைக்கக் கூடாது, சட்டம். கதிரையைத் தள்ளச் சொல், இந்த நிமிஷமே விடுகிறேன் என்றார், அவருக்கும் அவளுக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில். சங்கத்துக்கு வெளியே உலகம் இவ்வளவு சுலபமாக இருந்தது.

அவள் பிரஷாந்தனிடம் போனாள். "தம்பி, அவர் ஊசி போட்டுட்டுச் சாப்பிடாமல் நிக்கிறார். தலைவற்றை கதிரையைக் கொஞ்சம் தள்ளச் சொல்லுங்கோ. அவரை இறக்கோணும்."

பிரஷாந்தன் சுற்றிலும் பார்த்தார். "அக்கா, மெல்லமா. அந்தச் சொல்லு."

"ஆளுக்குச் சீனி விழப்போகுது."

"அது விளங்குது. ஆனால் தலைவர் பேசேக்கை எழுப்பேலாது. நான் ஒரு துண்டு எழுதி அனுப்புறன்."

துண்டை எழுதியவர் சுஜீவா அன்ரி. அச்சொல் இல்லாமல் எழுத வேண்டும். மூன்று தாள் கிழித்து, நாலாவதில், 'நிலாவில் உள்ளவர் உயரம் குறைய விரும்புகிறார்' என்று எழுதினார். தலைவர் பேச்சின் நடுவே வாங்கிப் படித்தார். கண் கலங்கியது.

"அன்பார்ந்த சபையோரே, இப்போது ஒரு செய்தி வந்திருக்கிறது. நிலாவில் நிற்கும் தம்பி, தான் இவ்வளவு உயரத்தில் நிற்கத் தகுதியானவன் அல்ல என்று சொல்லுகிறார். இதுதான் பணிவு. தம்பி, நீ அங்கேயே நில். உன்னைப் போன்ற எளியவர்களை உயரத்தில் வைத்து அழகு பார்ப்பதற்குத்தான் இந்தச் சங்கம் இருக்கிறது. நான் இருக்கிறேன்."

கைதட்டல். மேலே கேதீஸ்வரனின் கையில் கொடி நடுங்கத் தொடங்கியிருந்தது.

"அப்ப நாலாவது திட்டத்தின்படி சாப்பாட்டை அனுப்புவம்," என்றார் பிரஷாந்தன். திரையோரம் அவசரக் கூட்டம் ஒன்று கூடியது. றோல்ஸ் அனுப்பலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார், வழிமொழியவும் ஆள் இருந்தது. றோலுக்குள் மீன் இருப்பதையும் மேடையில் குத்துவிளக்கு எரிவதையும் இன்னொருவர் நினைவூட்டினார். விளக்குக்கு மேலே மச்சம் போகலாமோ கூடாதோ. பக்கவாட்டாகப் போனால் குற்றமில்லை என்று ஒரு கட்சி. வடை என்று தீர்மானமாகியபோது வடை இல்லை என்று தெரிந்தது.

"சீனித் தண்ணி போதும்," என்றாள் தாட்சாயினி. அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அவள் உறுப்பினர் அல்ல. அவளே போத்தலில் சீனியைக் கரைத்து, பதாகைத் தடியின் நுனியில் கட்டி, திரைக்குப் பின்னாலிருந்து நீட்டினாள். கேதீஸ்வரன் கையை நீட்டினான். கை போத்தலுக்குப் போகாமல் பக்கத்துக் காற்றுக்குப் போனது. இரண்டாம் தரமும் காற்றுக்கே போனது. போத்தல் கட்டு நழுவித் தலைவரின் பொன்னாடையில் விழுந்து கொட்டியது. தலைவர் துடைத்துக்கொண்டே பேசினார்.

அப்போது கேதீஸ்வரனின் கால் பலகையை விட்டது. அவன் பட்டியில் தொங்கினான். தலை ஒரு பக்கம் சரிந்தது, கைகள் இரண்டும் மெதுவாக முன்னால் மிதந்தன.

"பாத்தீங்களோ," என்று முன்வரிசையில் ஒரு டொக்டர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். "எடையில்லாத மாதிரியே செய்யிறான். நல்ல நடிப்பு."

சபை எழும்பி நின்று கை தட்டியது.

தாட்சாயினி மேடைக்கு முன்னால் வந்தாள். இடுப்பில் மாப் படிந்த துணி, கையில் எண்ணெய். இருபத்தைந்து வருடச் சங்கத்தில் குசினியிலிருந்து ஒருவர் அந்த இடத்துக்கு வந்ததில்லை. அவள் தலைவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இறங்குங்கோ."

கைதட்டல் பாதியில் நின்றது. சுஜீவா அன்ரி காதைப் பொத்தினார். தலைவர் இரண்டு கையாலும் கதிரையின் கைப்பிடிகளைப் பிடித்தார். மைக் மடியில் கிடந்தபடியே அவருடைய குரலை வாங்கியது.

"ஆர் உம்மை அனுப்பினது? சிட்னியோ? எத்தனை பேர் கேட்டவை, எத்தனை வருசமாக் கேட்டவை. நான் இந்தக் கதிரையைத் தாங்கேல்லை பிள்ளை, இந்தக் கதிரைதான் என்னைத் தாங்குது. இதிலை இருந்து எழும்பினால் நான் ஆர்? வீட்டிலை ஒரு ரிமோட்டைக்கூட என்னட்டைத் தரமாட்டினம். நான் இற..." அவருடைய வாயே அவரைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. "நான் அதைச் செய்யமாட்டன்."

"ஐயா, உங்கட பதவி எனக்கு என்னத்துக்கு," என்றாள் அவள். "கதிரையைக் கொஞ்சம் தள்ளினால் காணும். அவர் சாகப்போறார்."

தலைவர் மேலே பார்க்கவில்லை. அவர் சபையைப் பார்த்தார், யார் யார் சிரிக்கிறார்கள் என்று. பின்வரிசையில் ஜெயரட்ணம் இருமினார். இந்த முறை எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது.

"இறங்கு."

இன்னொருவர் சொன்னார். பிறகு ஒரு வரிசை. மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த சொல் எல்லார் வாயிலும் புளித்துப் பொங்கிக்கொண்டு வந்தது. பிள்ளைகள்தான் கூடுதல் சத்தமாகச் சொன்னார்கள். ஆனால் மேடைக்குப் போய்க் கதிரையைப் பிடிக்க ஒருவருக்கும் கால் வரவில்லை. சொல்வதே பெரிய காரியமாக இருந்தது அவர்களுக்கு.

தாட்சாயினி அதற்காகக் காத்துக்கொண்டு நிற்கவில்லை. மேடைக்கு ஏறினாள். ஜெஸீமாவும் குசினிப் பெண்கள் இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள். ஆளுக்கொரு கால். சோற்று அண்டா தூக்கிப் பழகிய கைகள். தலைவர் எழும்பவில்லை, கதிரையை விடவும் இல்லை. அவரைக் கதிரையோடு தூக்கி, படியால் கொண்டுபோய், மலசலகூடம் என்ற பலகைக்குக் கீழே வைத்தார்கள். அங்கே இருந்தும் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

மின் பொத்தானை அமத்தினார்.

கேதீஸ்வரன் வெள்ளித்தாள் சரசரக்க அவள் மடிக்கு வந்து சேர்ந்தான். ஜெஸீமா தேன் போத்தலோடு ஓடி வந்தாள். தாட்சாயினி விரலில் தொட்டு அவன் கன்னத்தின் உட்பக்கம் தடவினாள், திரும்பத் தடவினாள். இமை அசைய நேரம் எடுத்தது. பிறகு அவன் கண் திறந்து, அவளை அடையாளம் கண்டு, மெல்லக் கேட்டான்.

"பேச்சு முடிஞ்சுதோ?"

அம்புலன்ஸ் வந்தது. அவன் பிழைத்துக்கொண்டான்.

அடுத்த கூட்டத்தில் செயற்குழு நடந்ததை ஆராய்ந்தது. தலைவர் கதிரையை விட்டு எழும்பாததால் அவர் பதவியில் தொடர்கிறார் என்று தீர்மானமாகியது. நடந்ததை எந்தச் சொல்லால் பதிவது என்று சுஜீவா அன்ரி வெகுநேரம் யோசித்து, 'தலைவர் கதிரையோடு இடம்பெயர்ந்தார்' என்று பதிந்தார். மூன்று முறை ஊரையும் வீட்டையும் விட்டு ஓடிய தாட்சாயினி, தன் வாழ்க்கையில் நடந்ததும் தலைவருக்கு நடந்ததும் ஒன்றுதான் என்பதை இப்படித்தான் அறிந்துகொண்டாள். கேதீஸ்வரன் விஷயத்தில், பெயர் சூட்டப்பட்ட உபகுழு எதுவும் அனுமதி வழங்காத நிலையில் அவர் கீழே வந்தது செல்லாது என்றும், ஆகவே சங்கத்தின் பதிவேட்டின்படி அவர் தொடர்ந்து நிலாவிலேயே இருக்கிறார் என்றும் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

தைப்பொங்கல் விழாவுக்கு முந்தின நாள் பிரஷாந்தன் ஃபோன் எடுத்தார்.

"அக்கா, சுகமோ? நாளைக்கு நானூறு கதிரை அடுக்கோணும். கேதீஸ் அண்ணையை ஒருக்கா வரச் சொல்லுங்கோ."

கேதீஸ்வரன் மேசையில் இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போகவா என்பது போல நிமிர்ந்து பார்த்தான். தாட்சாயினி இன்னும் இரண்டு இடியப்பத்தை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"அவர் இஞ்சை இல்லையே, தம்பி," என்றாள். "நிலாவிலையெல்லோ நிக்கிறார். உங்கட புத்தகத்தை எடுத்துப் பாருங்கோ."